ஒட்டுவதும் சுரண்டுவதும்

சித்தப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு பெண் போன் செய்தாள். அவருடைய படங்களை எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம். "அவரோட ஒரே வீட்ல வளர்ந்தவங்க நீங்க. அந்த அனுபவம் எவ்ளோ அழகா இருந்திருக்கும், இல்லீங்களா மேம்?" என்றாள். போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன். அப்புறம் சரி என்று சொல்லிவிட்டேன். எழுதுகிறேன். ஆனால் அழகிலிருந்து தொடங்க எனக்கு வராது. நாற்றத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாவில் பசை காய்ச்சுவார்கள். பூச்சி வராமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். சித்தப்பா கலக்க மாட்டார். பூச்சி வரட்டும் என்பார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையப் பசை இருக்கும். இரண்டு நாளில் புளிக்கும், மூன்றாம் நாள் மேலே ஏடு கட்டும், அதற்கப்புறம் அதில் என்னென்ன நெளியும் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. அவர் அதற்குள் முழங்கைவரை விட்டுக் கலக்குவார். பசை பதமாக இருக்கிறதா என்று தெரிய ஒரு விரலை வாயில் வைத்துப் பார்ப்பார். அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட வந்து உட்காருவார்.

"கைய கழுவுங்க சித்தப்பா" என்று நான் கத்துவேன்.

"மைதாதான பாப்பா, பரோட்டால இல்லாத மைதாவா?" என்பார்.

இப்படித்தான் அவர் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். கோபமே வராது அவருக்கு. கோபப்படுகிற மனிதரிடம் சண்டையாவது போடலாம்.

அவர் செய்த வேலை இதுதான். ஒரு பிளைவுட் பலகையில் ஒரு தாளை ஒட்டுவார். அதன்மேல் கரியாலோ பால்பாயிண்ட் பேனாவாலோ கோடு கோடாக இழுப்பார். கோடுகள் காய்ந்ததும் அதை மூடி இன்னொரு தாள். அதிலும் கோடு. அதையும் மூடி இன்னொன்று. பலகை சோபா மெத்தை அளவுக்குத் தடித்துப் போகும்வரை ஒட்டுவார். பிறகு அதை உப்பளத்துக்குக் கொண்டுபோய் உப்புத் தண்ணீரில் ஊறப் போடுவார். எடுத்து வெயிலில் காய வைத்தால் தாளெல்லாம் உப்பு பூத்து, விரைத்து, ஓரங்கள் சுருண்டு நிற்கும். அதற்கப்புறம் சுரண்டல். உடைந்த கண்ணாடி, கம்பி பிரஷ், உப்புத்தாள், தேங்காய்ச் சிரட்டை என்று எது கிடைத்தாலும் அதை வைத்து மேலிருந்து கீழே சுரண்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் ஒரு தாள் ஆழம், இன்னோரிடத்தில் பத்துத் தாள் ஆழம். அடியில் போட்டு மூடிய கோடுகள் அங்கங்கே மேலே எட்டிப் பார்க்கும். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தின்ற இடங்களில் தானாக ஓட்டை விழுந்திருக்கும். "இந்தக் கோடு நான் போட்டது இல்ல, அது போட்டது" என்று கரப்பானைப் பெருமையாகக் காட்டுவார்.

போட்டதை ஏன் மூட வேண்டும், மூடியதை ஏன் தோண்ட வேண்டும் என்று ஒருமுறை அம்மா கேட்டாள். அம்மா உப்பளத்தில் உப்பு வாரிக் கூடையில் சுமக்கிறவள். வேலை என்றால் அவளுக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். சித்தப்பா, "மேல தெரியறது படம் இல்ல அண்ணி. அடியில இருக்குது பாருங்க, அதான் படம்" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

எந்தக் காகிதமாக இருந்தாலும் அவருக்குச் சரி. புதுத் தாள்தான் ஆகாது. "அதுல ஒண்ணும் நடக்கல" என்பார். கருவாடு சுற்றிய தாள், சிமெண்டு மூட்டையின் உள்தாள், மருந்துக் கடைக் கவர், குழந்தை ஆய் துடைத்த நியூஸ்பேப்பர் தவிர மற்ற எல்லா நியூஸ்பேப்பரும். அந்த ஒன்றைக்கூட அவர் விட்டு வைத்தாரா என்பது எனக்கு நிச்சயமில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பஜ்ஜி தின்றவர்கள் கசக்கி எறிகிற தாள்களைக் கூடைக்குள் கையை விட்டுப் பொறுக்குவார். எண்ணெய் பட்ட இடத்தில் பசை ஒட்டாது, அதனால் அது தானாகவே ஒரு வடிவம் என்பது அவர் கண்டுபிடிப்பு. நான் திண்டிவனத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தோழிகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அவர் குப்பைக்கூடைக்குள் குனிந்திருந்தார். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஒட்டியிருந்த மிளகாயைத் தட்டிவிட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "யாருடி அந்தாளு, பைத்தியமா?" என்றாள் ஒருத்தி. அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். "பாப்பா, இத பாரேன்!" என்று இன்னொரு தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. தாளிலிருந்து எண்ணெய் அவர் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

அப்பா அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாத்தா செத்தபோது சித்தப்பா பால்குடி மறந்த பிள்ளை. அப்பாதான் தூக்கி வளர்த்தது. உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டே தம்பியைச் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்க வைத்தது. படித்து முடித்துப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராவது ஆவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரு வாளியோடு திரும்பி வந்தார். ஊறப் போட இடம் வேண்டும் என்று கேட்டதும் அப்பா மேஸ்திரியிடம் கெஞ்சி, கடைசிப் பாத்தியின் மூலையில் பலகைகளைப் போட அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் தாள்களின் சாயம் இறங்கி அந்தப் பாத்தியில் உப்பு நீலமும் சிவப்புமாக விளைந்தது. மேஸ்திரி அப்பாவைக் கூப்பிட்டு எல்லோர் எதிரிலும், "ஏம்பா, இது உப்பளமா இல்ல உன் தம்பி சாயப்பட்டறையா?" என்று கேட்டார். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். அந்தப் பாத்தி உப்பை அள்ளிக் கொட்ட அம்மாவும் அப்பாவும் ஒரு பகல் பூராவும் கூலி இல்லாமல் உழைத்தார்கள். சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து அந்த நீல உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா கலரு அண்ணா இது!" என்றார். அப்பா சிரித்துவிட்டார்.

அப்பா சிரித்தால் முகம் பூராவும் பல்லாக இருக்கும். அதைப் பார்த்து எதிரில் இருக்கிறவரும் சிரித்துவிடுவார். ஆனால் கேமராவைக் கண்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்வார். என் கல்யாண ஆல்பத்தில் பூராவும் அப்படித்தான் நிற்கிறார்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. முதலில் பிரம்மதேசத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பம், நல்ல இடம். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னாங்க, எலி எதனா செத்துக் கெடக்குதா?" என்றாள். "இல்லீங்க, தம்பி படம் போடுறான்" என்றார் அப்பா. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேசரியைத் தொடவில்லை, பஜ்ஜியைத் தொடவில்லை. போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவே இல்லை. நான் உள்ளே அழுதுகொண்டிருக்கிறேன். சித்தப்பா வந்து அந்தப் பஜ்ஜியைத் தின்றுகொண்டே தட்டிலிருந்த தாளை மெல்ல இழுத்து எடுத்தார்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் மத்தியானம் கொட்டகை வாசலில் ஒரு பலகை வெயிலில் சாய்ந்திருந்தது. உப்பளத்தில் உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் வெள்ளைக்குள் ஒரு நீலமும் அதற்குள் ஒரு சாம்பலும் தெரியும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அது அந்தப் பலகையில் இருந்தது. அதன் குறுக்கே மெல்லிய கோடுகள், வரப்புகள் மாதிரியும் இல்லாமல், வரப்பு இல்லை என்றும் சொல்ல முடியாமல். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் மூலையில் கரப்பான் முட்டை நாலைந்து ஒட்டியிருந்தது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. இத்தனை அசிங்கத்திலிருந்து அப்படி ஒன்று வந்ததே என்பதில் எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

அப்பா நெஞ்சு வலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தேன், பஜாரில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருந்தேன். அப்பாவோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். போட்டோவுக்கு எங்கே போவது என்று தேடியபோது மாமா மகன் தன் போனில் ஒன்றைக் காட்டினான். உப்பளத்தில், தலையில் துண்டோடு, யாரோ சொன்ன எதற்கோ அப்பா வாய்விட்டுச் சிரிக்கிற படம். அவருக்குத் தெரியாமல் எடுத்தது. அதையே போட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில், ரைஸ்மில் சுவரில், பள்ளிக்கூடத்துப் பக்கம் என்று ஊரில் எங்கே திரும்பினாலும் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவுக் காகிதத்தை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். கருமாதிப் பத்திரிகை வந்தால்கூட படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் அந்தப் போஸ்டரில் ஒன்றைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்து வரவில்லை. சுவரில் ஒட்டியதையும் கையால் கிழிக்கக் கூடாது, மழையிலும் வெயிலிலும் அதுவாகப் போக வேண்டும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவன்கூடத் தள்ளித்தான் ஒட்டுவான். மாமா மகனின் போன் கொஞ்ச நாளில் உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. போஸ்டர் அடித்த கடையில் கேட்டால், கம்ப்யூட்டர்லேர்ந்து அப்பப்ப அழிச்சிடுவோங்க என்றார்கள். ஆக, அப்பாவின் அந்தச் சிரிப்பு சுவரில் மட்டும்தான் இருந்தது. அம்மா தினமும் வேலைக்குப் போகும்போது காம்பவுண்டுச் சுவர் முன்னால் நின்றுவிட்டுப் போவாள். கும்பிடமாட்டாள், அழமாட்டாள். ஒரு மாதிரி வாயை மூடிக்கொண்டு அவளும் சிரிப்பாள். பார்க்கிற எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் கடைக்கு ஓடி வந்தாள்.

"உங்கப்பன காணோம்டி" என்றாள்.

போய்ப் பார்த்தேன். சுவரில் பசைத் தடம் மட்டும் சதுரமாக இருந்தது. ரைஸ்மில் சுவரிலும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமும் இல்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நேராகக் கொட்டகைக்குப் போனேன், அம்மா பின்னாலேயே வந்தாள். அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி எல்லாப் போஸ்டரையும் ஊறப் போட்டிருந்தார். தண்ணீருக்குள் அப்பா சிரித்துக்கொண்டு கிடந்தார். மேலே ஒரு ஈ மிதந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "மழ வர்றா மாதிரி இருந்துச்சு அண்ணி. வுட்டா கரைஞ்சி போயிருக்கும். அதான் பூரா எடுத்துட்டேன்" என்றார்.

அம்மா முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். "நல்ல வேல செஞ்ச தம்பி" என்றாள். "எனக்குன்னு ஒண்ணு இங்கயே மாட்டி வெய்யி. வீட்ல வெக்கக் கூடாது. நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

"சும்மா மாட்டறதா? அண்ணனுக்குன்னே பெருசா ஒண்ணு செய்யறேன் அண்ணி" என்றார் அவர்.

அன்றைக்கு அம்மா அவருக்கு மட்டும் தனியாக இறால் வறுத்து வைத்தாள்.

"அம்மா, அவரு மூஞ்சிய சுரண்டிடுவாரும்மா" என்று நான் சொன்னேன்.

"போடி. கூடப் பொறந்தவன் அப்படி செய்வானா? உனுக்கு அவனக் கண்டாலே ஆவாது."

நான் விடவில்லை. அடுத்த வாரம் தனியாகப் போனேன். நான் பயந்ததைவிட மோசமாக இருந்தது. அப்பாவின் போஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நடுநடுவே வேறு தாள்களையும் சொருகி, ஊறப்போட்டு, காய வைத்து, பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த முகத்தில் ஒரு கன்னமும் துண்டின் நுனியும்தான் மிச்சம். தேய்க்கத் தேய்க்க நெற்றி போயிற்று.

"இந்த மூஞ்ச மட்டும் வுட்டுடுங்க சித்தப்பா. ஒண்ணே ஒண்ணு. அம்மா நம்பிக்கினு இருக்குது."

"மூஞ்சி இருந்தா எல்லாரும் மூஞ்சத்தான் பாப்பாங்க பாப்பா. அண்ணன எவன் பாப்பான்?"

சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கி ஊதினார். வெள்ளையும் கறுப்புமாகக் காகிதப் பொடி கிளம்பி என் முகத்தில் அடித்தது, உதட்டில் ஒட்டியது. உப்புக் கரித்தது. அப்பாவின் நெற்றி அது. சித்தப்பாவின் வியர்வைக் கையில் அதே பொடி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது, அதே கையால் மூக்கைச் சொறிந்துகொண்டார். பிறகு விரலை நாக்கில் தொட்டு, மிச்சமிருந்த கன்னத்தில் வைத்துத் தேய்த்து எடுத்தார். நான் வெளியே ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தேன். அவர் அழுதுகொண்டேதான் தேய்த்தார் என்று பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னாள். இருக்கலாம். அழுதுகொண்டே செய்தால் சரியாகிவிடுமா?

பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "மேல இருக்கறத எடுத்தா அடியில இன்னொண்ணு இருக்குதில்ல, அவனுக்குத் தெரியும்" என்றாள். அவர் பேசுகிற பேச்சை அவளும் பேச ஆரம்பித்துவிட்டாள். கொட்டகைப் பக்கம் போய், "ஆயிடுச்சா தம்பி?" என்று கேட்பாள். "வேலைல இருக்குது அண்ணி" என்று பதில் வரும். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது.

பிறகு பெரிய முதலியார்சாவடியில் ஒரு ஹாலில் அவர் படங்களைக் கண்காட்சி வைத்தார்கள். "அண்ணன் படம்தான் நடுவுல. வாங்க அண்ணி" என்று அவரே வந்து கூப்பிட்டார். அம்மா என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஏறும் முன் பூக்கடையில் நின்று கதம்பச் சரம் ஒன்று வாங்கி, வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருந்தது.

வெள்ளைச் சுவர், ஏசி, எலுமிச்சை ஜூஸ். பசை வாடை அங்கே துளிகூட இல்லை. கசங்கின மாதிரி காட்டன் துணி கட்டிய பெண்கள் ஒவ்வொரு பலகைக்கும் எதிரில் நின்று மெதுவாகத் தலையைச் சாய்த்தார்கள். சித்தப்பா முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, நகத்தில் அழுக்கில்லாமல் இருந்தார். அம்மாவைக் கையைப் பிடித்து நடுச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆள் உயரப் பலகை. பூராவும் சாம்பல் வெள்ளை. ஓரங்களில் போஸ்டரின் கறுப்புக் கட்டம் கொஞ்சம், அங்கங்கே சில கோடுகள், உப்பு மினுமினுப்பு. வேறு எதுவும் இல்லை.

அம்மா இலையைப் பிரித்துப் பூவைக் கையில் எடுத்தாள். எங்கே வைப்பது என்று மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"மூஞ்சி எங்க தம்பி?"

"உள்ள இருக்காரு அண்ணி. அடியில."

அம்மா பூவை என்னிடம் கொடுத்தாள். பலகையின் நடுவில் விரலை வைத்துத் தடவினாள். தாள் தூக்கியிருந்த ஓரிடத்தில் நகத்தை நுழைத்து இழுத்தாள். உப்பு வாரி வாரித் தடித்துப்போன நகம், கண்ணாடித் துண்டுக்கு மேல் வேலை செய்யும். சர்ரென்று ஒரு கீற்று கிழிந்து வந்தது. பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். அம்மா காதில் அது விழவில்லை. இன்னொரு தாள், அதன் கீழே இன்னொன்று. கிழிகிற கீற்றுகள் பட்டுப்புடவையில் விழுந்தன. கண் ஒன்று தெரிந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுரண்டினாள். கண்ணுக்குக் கீழே ஒரு மூக்குத்தி வந்தது.

யாரோ ஒரு கிழவி. எந்த ஊர்ச் சுவரிலிருந்து உரித்ததோ, யாருடைய அம்மாவோ.

"இது யாரு தம்பி?" என்றாள் அம்மா.

அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிழிந்த இடத்துக்குக் கிட்டே குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். அவர் முகம் அப்படியே விரிந்தது.

"அண்ணி, கைய எடுத்துடுங்க" என்றார். "போதும். அங்கயே நிறுத்துங்க. இப்பதான் சரியா வந்திருக்குது."

இன்னும் ஒரு தாள் கீழே போயிருந்தால் அப்பா இருந்திருப்பாரோ என்னவோ. தம்பி சொல்லிவிட்டானே என்று அம்மா கையை எடுத்துவிட்டாள்.